வாசக்டமிக்குப் பிறகு மறுபடி அப்பா ஆக முடியுமா?

தி.நகரில் வேலை, அடையாறில் வீடு, வயது 41. முதல் கல்யாணத்தில் இரண்டு குழந்தைகள் பிறந்ததும் வாசக்டமி செய்துகொண்டார். அது ஆச்சு 10 வருஷம். இப்போது மறுமணம் ஆகியிருக்கிறது. மனைவிக்குக் குழந்தை ஆசை. இப்படி ஒரு நண்பர் "திரும்பச் சேர்க்க முடியுமா?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

சேர்க்கலாம். ஆனால், குழாய் சேருவது வேறு. குழந்தை பிறப்பது வேறு.

என்ன செய்கிறார்கள்?

வெட்டிய விந்துக்குழாயின் இரு முனைகளையும், மைக்ரோஸ்கோப் வழியாகப் பார்த்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைக்கிறார்கள். விந்தணு உருவாகவே இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அதனால் ரிசல்ட் தெரிய சில மாதங்கள் பொறுக்கணும்.

வாய்ப்பு எவ்வளவு?

அமெரிக்காவில் 1,469 ஆண்களை வைத்து 1991இல் வெளியான ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. வாசக்டமி செய்து 3 வருஷத்துக்குள் சேர்த்தவர்களில் 97% பேருக்கு விந்தணு திரும்பியது, கருத்தரிப்பு 76%. 9 முதல் 14 வருஷம் ஆனவர்களுக்கு இது 79%, 44%. 15 வருஷம் தாண்டினால் 71%, 30%.

இந்த இடைவெளி ஏன்?

வெளியே போக வழியில்லாத விந்தணுக்களுக்கு எதிராகப் பலரின் உடலில் ஆன்டிபாடி உருவாகிறது. குழாய் சரியான பிறகும் அது விந்தணுவின் நீந்தும் வேகத்தைக் குறைக்கலாம். வருஷக்கணக்கான அழுத்தத்தில், விரையை ஒட்டிய நுண்குழாயில் இன்னொரு அடைப்பு வந்திருக்கலாம். தைத்த இடமே தழும்பாகி மறுபடி மூடிக்கொள்வதும் உண்டு.

ஆண்மை பாதிக்குமா?

இல்லை. டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் கலக்கிறது. அதற்கு இந்தக் குழாய் தேவையே இல்லை. வெட்டினாலும் சேர்த்தாலும் ஆசையும் விறைப்பும் மாறாது. விந்தில் விந்தணுவின் பங்கு 5 சதவீதத்துக்கும் குறைவு என்பதால், அளவிலும் வித்தியாசம் தெரியாது. வாசக்டமிக்கு 1950களிலேயே பணம் கொடுத்து ஊக்குவித்த மாநிலம் நம்முடையது. ஆனாலும், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் மொத்தத் தம்பதிகளில் மனைவி கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டது 37.9%, கணவர் செய்துகொண்டது 0.3%தான்.

வேறு வழி?

விரையிலிருந்து நேரடியாக விந்தணு எடுத்து 'இக்ஸி' செய்யலாம். ஆனால் ஹார்மோன் ஊசியும் கருமுட்டை எடுக்கும் சிரமமும் மனைவிக்குத்தான். அவருக்கு 35 வயது தாண்டியிருந்தால், ஆபரேஷன் செய்துவிட்டுக் காத்திருக்க நேரம் இருக்கிறதா என்றும் பார்க்கணும்.

அதனால், தேதி குறிப்பதற்கு முன்பே மனைவியின் கருமுட்டை இருப்பைச் சோதித்துவிடுங்கள். யூராலஜிஸ்டிடம் கேட்க வேண்டிய கேள்வி: "உள்ளே இரண்டாவது அடைப்பு இருந்தால், அதையும் நீங்களே சரி செய்வீர்களா?"

இனிமேல்தான் வாசக்டமி செய்யப் போகிறீர்களா? அதை நிரந்தரம் என்றே நினைத்து முடிவெடுங்கள். மனசில் துளி சந்தேகம் இருந்தாலும், முதலில் விந்தணுவை உறைய வைத்துச் சேமித்துவிடுவது நல்லது.