உடைந்த மாடலுக்கும் மதிப்பெண்

கட்டடக்கலைக் கல்லூரிகள் பலவற்றில் ஆய்வுக் கட்டுரை ஒரு பாடம், ஸ்டூடியோ வேறொரு பாடம். இரண்டையும் எழுதித் தேறும் மாணவருக்கு ஒன்று மற்றதற்கு எப்படி உதவும் என்பது கடைசிவரை தெரிவதில்லை. ஆனால் செய்து பார்ப்பதே ஆராய்ச்சிதான் என்பதற்கு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகம் சான்று. கட்டடக்கலைஞர் ஃபிரை ஓட்டோ 1964-இல் அங்கே இலகு கட்டமைப்புகளுக்கான ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். கம்பி வளையத்தைச் சோப்புக் கரைசலில் முக்கி எடுத்தால், படலம் தன் பரப்பைக் குறைத்துக்கொண்டு நிற்கும். அதில் இழுவிசை எங்கும் சமமாக இருக்கும். கூடாரக் கூரைக்கு வேண்டிய வடிவம் அதுதான். ஓட்டோவின் குழு அந்தப் படலங்களைப் படம் பிடித்து அளந்தது. 1967 மான்ட்ரியல் கண்காட்சியின் ஜெர்மன் அரங்குக்காக முன்கூட்டியே கட்டிய சோதனைக் கூரை, பிறகு அந்த நிறுவனத்துக்கே கட்டடமாயிற்று.

இது வெறும் கைவேலை, இதில் அறிவு எங்கே என்று கேட்கலாம். நம் கணிப்பைப் பொய்யாக்கும் வாய்ப்பு இருந்தால் கைவேலையும் ஆய்வுதான். மான்ஹைம் நகரின் மல்டிஹாலே மண்டபத்துக்கு (1975), தொங்கும் சங்கிலி வலையைத் தலைகீழாக்கி வடிவம் கண்டார்கள். கட்டியபின் குப்பைத்தொட்டிகளில் நீர் நிரப்பிக் கூரையில் தொங்கவிட்டு, கணக்கு சரிதானா என்று சோதித்தார்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக் கூரையில் மாடலின் துல்லியம் போதவில்லை. சிறு மாடலில் நேரும் நூலளவுப் பிழை, முழு அளவில் பெரிதாகிவிடும். அந்த நெருக்கடியில்தான் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தின் நில அளவைப் பேராசிரியர் கிளாவுஸ் லிங்க்விட்ஸும் பொறியாளர் ஜான் ஆர்கிரிஸும் புதிய கணிப்பு முறைகளை உருவாக்கினார்கள். கணிதத்துக்குக் கேள்வியைக் கொடுத்தது மாடல்.

இன்று கணினி இந்தக் கணக்கை நொடியில் போடுமே என்பது அடுத்த ஆட்சேபம். கணினிக்கு நாம் ஊட்டிய பொருளைத்தான் தெரியும். மரம் எவ்வளவு வளையும் என்பதை மரம்தான் சொல்ல வேண்டும். 2010-இல் ஸ்டுட்கார்ட் மாணவர்களும் ஆய்வாளர்களும் 6.5 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகைப் பட்டைகளை வளைத்தே ஓர் அரங்கை நிறுத்தினார்கள். பலகையின் வளையும் இயல்பே அங்கு வடிவமைப்பின் தொடக்கம். அளவெடுத்தால் கற்பனை சுருங்கும் என்ற அச்சமும் வீண். மியூனிக் கூரையைப் பார்த்தவர் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்.

சோப்பு, கம்பி, சங்கிலி எல்லாம் எந்தக் கல்லூரிக்கும் கட்டுப்படியாகும். இறுதியாண்டு மதிப்பீட்டில் பளபளக்கும் கடைசி மாடலோடு, உடைந்துபோன மாடல்களையும் அவை எந்தக் கேள்விக்காகச் செய்யப்பட்டன என்ற குறிப்பையும் ஆசிரியர்கள் கேட்டு வாங்க வேண்டும். அவற்றுக்கும் மதிப்பெண் தர வேண்டும்.