நடுக்குடும்பத்தின் வருமானம்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் இருப்புப்பாதையில், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே உள்ள சிற்றூர் தனுவச்சபுரம். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலூகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலூகா கேரளத்தில் நின்றது. வீடு எல்லைக்கு இப்புறமும் பிழைப்பு அப்புறமுமாக வாழ்வோர் இங்கே உண்டு. பிழைப்பை நாடி நெடுந்தொலைவு சென்றோரும் உண்டு. இத்தகைய பகுதியில் குடும்பங்களின் வருமானம் எவ்வளவு, அது காலப்போக்கில் உயர்ந்ததா என்பதை எவ்வாறு அறிவது? ஊருக்குப் பணம் அனுப்பிவரும் நேயர்களுக்கு இவ்வினா அயலானது அன்று.

முதலில், எந்த வருமானத்தைத் தேடுகிறோம் என்பதைத் தெளிந்துகொள்வோம். ஒரு தெருவில் ஐந்து குடும்பங்கள் இருப்பதாகக் கொள்வோம். அவற்றின் மாத வருமானம் முறையே ரூ. 8,000, 10,000, 12,000, 15,000, 1,05,000. இவற்றின் சராசரி ரூ. 30,000. ஆனால் ஐந்தில் நான்கு குடும்பங்கள் அதில் பாதிக்கு மேல் கண்டதில்லை. வரிசையின் நடுவே நிற்கும் குடும்பத்தின் வருமானமோ ரூ. 12,000. இதுவே இடைநிலை வருமானம். செல்வர் ஒருவரின் வருவாய் பன்மடங்கு பெருகினாலும் இது அசையாது. ஆகையால் சாதாரண மக்களின் நிலையை அறிய இதுவே தக்க அளவுகோல்.

நம் நாட்டில் இதனை நேரே கண்டறிவது எளிதன்று. பத்தாண்டுக்கு ஒருமுறை நடைபெறும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருமானத்தைக் கேட்டு வந்ததில்லை. 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வு, அந்தப் பத்தாண்டிலும் அடுத்த பத்தாண்டிலும் வருமானத்தைக் கேட்டுப் பார்த்தது. மக்கள் சொன்ன வருமானம், அவர்களுடைய செலவும் சேமிப்பும் சேர்ந்த தொகையைவிடக் குறைவாக இருந்தது! ஆகவே செலவைக் கேட்பதே வழக்கமாயிற்று. 2022-23-ஆம் ஆண்டு ஆய்வின்படி, கேரளத்துக் கிராமங்களில் ஒருவருக்கு மாதச் செலவு சராசரியாக ரூ. 5,924, தமிழ்நாட்டுக் கிராமங்களில் ரூ. 5,310. ஆயினும் இவை மாநிலம் முழுவதற்குமான சராசரிகள். எல்லையோரச் சிற்றூரின் நிலையை இவை காட்டமாட்டா.

மாவட்ட உற்பத்திக் கணக்கைக் கொள்ளலாமே எனில், அது பொருள் விளைந்த இடத்தைப் பற்றிய கணக்கு. மார்த்தாண்டத்துக் கடையில் உழைப்பவரின் உழைப்பு கன்னியாகுமரி மாவட்டக் கணக்கில் சேரும். அவருடைய கூலியோ நெய்யாற்றின்கரைத் தாலூகாவிலுள்ள அவர் வீட்டில் செலவாகும். வளைகுடாவிலிருந்து வரும் பணமும் அவ்வாறே மாவட்ட உற்பத்தியில் இடம்பெறாது. திருவனந்தபுரத்திலுள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தினர் 1998 முதல் கேரளத்தில் புலம்பெயர்வு ஆய்வுகளை நடத்தி வந்தனர்.

அமெரிக்க நாட்டில் கவுண்டி எனப்படும் வட்டாரம் ஒவ்வொன்றுக்கும் இடைநிலைக் குடும்ப வருமானத்தை ஆண்டுதோறும் மதிப்பிடுகின்றனர். சிறு வட்டாரத்தில் மாதிரிக் குடும்பங்கள் சிலவே அகப்படும். அவற்றை மட்டும் நம்பினால் பிழை மிகும். எனவே வருமான வரிக் குறிப்புகளையும் உணவு உதவி பெறுவோர் பதிவுகளையும் துணையாகக் கொண்டு மதிப்பீட்டைச் செப்பம் செய்கின்றனர். நம் நாட்டிலும் 2025 ஜனவரி முதல் தேசிய மாதிரி ஆய்வில் மாவட்டம் அடிப்படைப் பிரிவாக்கப்பட்டுள்ளது. குடும்ப வருமானத்துக்கெனத் தனி ஆய்வு 2026-இல் தொடங்கும் என்றும் அரசு அறிவித்தது.

காலத்தோடு ஒப்பிடுவதற்கு மேலும் மூன்று எச்சரிக்கைகள் வேண்டும். விலை உயர்வைக் கழித்தே பழைய ரூபாயையும் புதிய ரூபாயையும் ஒப்பிடவேண்டும். கூட்டுக்குடும்பம் பிரிந்து இரண்டானால், எவர் வருவாயும் குறையாமலே குடும்ப வருமானம் குறைந்ததாகத் தோன்றும். எல்லை மாறினால் கணக்கும் மாறும்: 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்குப் பின்னர்க் காட்டாக்கடை தனித் தாலூகா ஆயிற்று, எனவே அன்றைய நெய்யாற்றின்கரையும் இன்றைய நெய்யாற்றின்கரையும் ஒன்றல்ல.

இனி, நேயர்களின் பங்கைக் காண்போம். முன்கூறிய தெருவில் ரூ. 8,000 வருவாயுள்ள வீட்டின் மகன் மும்பையிலிருந்து மாதந்தோறும் ரூ. 10,000 அனுப்புகிறான் எனக் கொள்வோம். நெடுங்காலம் வெளியூரில் தங்கி, அங்கேயே உண்டு வாழும் அவனை ஆய்வாளர் அவ்வீட்டாருள் ஒருவனாக எண்ணமாட்டார். ஆனால் அவன் அனுப்பும் பணம் அவ்வீட்டின் வரவே. அதனைச் சேர்த்தால் தெருவின் இடைநிலை வருமானம் ரூ. 15,000, மறைத்தால் ரூ. 12,000. ஒரு வீட்டின் மௌனம் தெருவின் கணக்கையே மாற்றிவிடுகிறது.

சலுகை போய்விடுமோ, வரி வந்துவிடுமோ என்னும் அச்சத்தாலேயே பெற்றோர் பலர் இதனை மறைக்கின்றனர். 2008-ஆம் ஆண்டுப் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டம், தனி ஒருவரின் விவரத்தை அவர் இன்னார் எனத் தெரியுமாறு வெளியிடுவதைத் தடை செய்கிறது. அடுத்த முறை ஊருக்குக் கடிதம் எழுதும்போதோ தொலைபேசியில் பேசும்போதோ இச்செய்தியை வீட்டாருக்குச் சொல்லுங்கள். வறிய ஊர் வறியதென்றும், வெளியூர்ப் பணத்தால் மட்டுமே நிமிர்ந்து நிற்கும் ஊர் அத்தகையதென்றும் தெரிந்தாலன்றி, அங்கே எந்தத் தொழிலை வளர்ப்பது, எவருக்கு உதவுவது என்று திட்டமிட இயலாது.