சீத்தாப்பழ விதையும் புற்றுநோயும்

மானாவாரி நிலங்களிலும் மலைச்சரிவுகளிலும் அதிகப் பராமரிப்பின்றிக் காய்க்கும் மரம் சீத்தா. ஐஸ்கிரீமுக்காகப் பழக்கூழ் பிரித்தெடுக்கும் இடங்களில் இதன் தோலும் விதையும் கழிவாகக் குவிகின்றன. இவ்விதைக்குப் புற்றுநோயைத் தீர்க்கும் சக்தி உண்டென்று சில ஆண்டுகளாகப் பேச்சு பரவி வருகிறது. முள்சீத்தா இலையைக் காயவைத்துப் பொட்டலமாக விற்பவர்களும் உள்ளனர். இதில் உண்மை எவ்வளவு?

சீத்தா விதை தலைப்பேனைக் கொல்லும் என்பது நம் பாட்டிமார் அறிந்ததே. விதைச்சாறு அசுவினி போன்ற பூச்சிகளையும் மடியச் செய்கிறது. அசிட்டோஜெனின் என்னும் வேதிப்பொருட்களே இதற்குக் காரணம். சீத்தாவின் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு செடியிலிருந்து 1982ஆம் ஆண்டில் இவ்வகைப் பொருள் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது. உயிரணுவினுள் உணவைச் சக்தியாக மாற்றும் நுண்ணிய உறுப்புக்கு மைட்டோகாண்ட்ரியா என்று பெயர். அதன் வேலையை அசிட்டோஜெனின் தடுத்துவிடுகிறது. அடுப்பணைந்த வீட்டில் சமையல் நின்றுபோவதைப் போல, சக்தி கிட்டாத அணு மடிகிறது. விரைந்து பெருகும் புற்றணுவுக்குச் சக்தி அதிகம் தேவை. ஆகவே ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றணுக்கள் சிறிதளவு சாற்றிலேயே அழிந்தன. பேச்செல்லாம் இதிலிருந்து கிளம்பியதுதான்.

ஆனால் தட்டில் இருப்பவை புற்றணுக்கள் மட்டுமே. உடலிலோ மூளையும் நரம்பும் இருக்கின்றன. அவற்றுக்கும் அதே சக்தி வேண்டும். மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான குவாதலூப்பில், நடுக்குவாதத்தை ஒத்த, ஆனால் வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத நோய் பலரிடம் காணப்பட்டது. அவர்களிடையே முள்சீத்தாப் பழமும் இலைக் கஷாயமும் உட்கொள்ளும் வழக்கம் மிகுதி என 1999இல் வெளியான ஆய்வு காட்டிற்று. இதுவே காரணம் என்று அறுதியிட்டுக் கூற இயலாதெனினும், தினமும் கஷாயம் குடிப்பவர் இதை அறிந்திருப்பது நல்லது. விதையாலோ இலையாலோ மனிதருக்குப் புற்றுநோய் குணமாகும் என்பது இதுவரை மெய்ப்பிக்கப்படவில்லை.

கட்டி, ஆறாத புண், காரணமில்லாத இரத்தப்போக்கு கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தொடக்கத்திலேயே கண்டால் குணமாகும் புற்றுகள் பல. கஷாயத்தை நம்பிக் கழித்த மூன்று மாதத்தில் அந்த வாய்ப்பே கைநழுவிப் போகலாம். பருவத்தில் கிடைக்கும் சீத்தாப்பழத்தைப் பழமாக உண்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை. விதையை மட்டும் அரைத்து உண்ணலாகாது.

கழிவுக்கு வேறு பயன் உண்டு. தோலைக் கம்போஸ்ட் குழியில் இடலாம். நல்ல விதைகளை ஒட்டுக்கட்டுவதற்கான வேர்க்கன்று வளர்க்க நாற்றங்காலில் ஊன்றலாம். எஞ்சியதைப் பூச்சி விரட்ட இடித்துச் சாறெடுக்கலாம். அச்சாறு மீன் வளரும் குட்டையில் கலக்கக்கூடாது. இடிக்கும்போது கண்ணை மூக்குக்கண்ணாடியாலோ துணியாலோ காத்துக்கொள்ளவும். தூள் கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகும். கசக்காமல், சுத்தமான நீரை ஊற்றிக் கால் மணி நேரம் கழுவி, தாமதமின்றிக் கண் மருத்துவரிடம் காட்டவும்.