சுடுவது தொடையா, ஆயிலா?

டூரிங் பைக் வாங்க ஷோரூமுக்குப் போகிறவர்கள் மைலேஜுக்கு அடுத்தபடியாகக் கேட்பது, "கால் சுடுமா?" என்றுதான். நியாயமான கேள்வி. சித்திரை வெயிலில் பெருங்களத்தூர் நெரிசலில் மாட்டிக்கொண்டு, ஜீன்ஸையும் தாண்டித் தொடையில் அனல் அடிக்கும்போது யாருக்கும் வண்டி மேல் பாசம் வராது. ஆனால், காலில் அடிக்கும் சூடு வேறு, இன்ஜின் படும் சூடு வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால், பயப்பட வேண்டாத இடத்தில் பயந்து, பயப்பட வேண்டிய இடத்தில் சும்மா இருந்துவிடுகிறோம்.

ரேடியேட்டர் உள்ள வண்டியில், கூலன்ட்டின் வெப்பம் 100 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போனதும் ஃபேன் சுற்றத் தொடங்கும். இன்ஜினுக்குள் தேங்கிய சூட்டை அள்ளி வெளியே தள்ளும். அது வந்து விழுகிற இடம் உங்கள் முழங்கால். ஆக, நீங்கள் வேகும் அந்த நேரத்தில் இன்ஜின் பத்திரமாக இருக்கிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதிகள் வந்த பிறகு கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் சூடும் இதோடு சேர்ந்துகொண்டது. நன்றாகச் சூடானால்தான் அது புகையைச் சுத்திகரிக்கும். அதுவும் காலுக்கு வரும் தொல்லைதான், இன்ஜினுக்கு அல்ல. மாறாக, காற்றால் குளிரும் வண்டியில் கால் சுகமாக இருக்கும்போதே உள்ளே ஆயில் 130 டிகிரியைத் தொட்டிருக்கலாம். காட்டிக்கொடுக்க மீட்டரில் முள் இல்லை.

இவ்வளவு சூடு எங்கிருந்து வருகிறது? ஒரு சின்னக் கணக்கு. லிட்டருக்கு 30 கிலோமீட்டர் தரும் வண்டி, 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு 3 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். அதிலுள்ள ஆற்றலைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 26 கிலோவாட். சக்கரத்தைச் சுழற்றப் போவது அதில் கால் பங்குக்குச் சற்று மேல். மிச்சம் 18, 19 கிலோவாட்டும் சூடுதான். அத்தனை இஸ்திரிப் பெட்டிகளைக் காலுக்கு நடுவே ஓடவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒரு பகுதி சைலன்சர் வழியே போய்விடும். மீதியைக் காற்றும் ஆயிலும் கூலன்ட்டும்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். ஓடும்போது இதில் பிரச்னை இல்லை, காற்று தாராளமாகக் கிடைக்கிறது. சிக்னலில் நிற்கும்போது மணிக்கு அரை லிட்டர்தான் எரிகிறது என்று வைத்துக்கொண்டாலும், சக்கரத்துக்கு எதுவும் போகாததால் அந்த நாலு கிலோவாட்டும் முழுக்கச் சூடு. காற்றோ அறவே இல்லை.

காற்று எந்த சிலிண்டருக்குக் கிடைக்கிறது என்பதே ஒரு நூற்றாண்டுச் சண்டை. 1920-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் பி.எம்.டபிள்யூவின் இன்ஜினைப் பொருத்தி ஹீலியோஸ் என்றொரு பைக் வந்தது. அதில் ஒரு சிலிண்டர் முன்னால், இன்னொன்று பின்னால். முன்னது காற்று வாங்க, பின்னது வெந்தது. பொறியாளர் மேக்ஸ் ஃபிரிட்ஸ் அந்த அமைப்பைக் குறுக்காகத் திருப்பி, இரண்டு சிலிண்டர்களும் இரு பக்கமும் காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்தார். 1923-ல் வந்த ஆர்32 அதுதான். சாலையில் இன்றும் தனியாகத் தெரிகிற பி.எம்.டபிள்யூ பாக்ஸரின் தோற்றம், சூட்டுக்குத் தேடிய தீர்வு. அதற்கே 2013-ல் ஆர்1200ஜி.எஸ். வழியாகத் தண்ணீர் வந்துவிட்டது.

ஹார்லி-டேவிட்சன் இந்த வழிக்குப் போகவில்லை. 45 டிகிரி வி-ட்வின் அவர்களுக்குக் குலதெய்வம் மாதிரி, தொட முடியாது. பின் சிலிண்டர், முன்னதின் நிழலிலும் ஓட்டுபவரின் தொடைக்கு அடியிலும் மாட்டிக்கொண்டது. அதனால் சூடு எல்லை மீறும்போது, நிற்கும் வண்டியின் பின் சிலிண்டரை எரிய விடாமல் நிறுத்திவைக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். 2014 மாடல்களில், பெரிய டூரிங் வண்டிகள் சிலவற்றுக்கு மட்டும், சிலிண்டர் ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றிக் கூலன்ட் ஓடவிட்டார்கள். ரேடியேட்டர்களைக் காலருகே உறைக்குள் மறைத்தும் வைத்தார்கள். கௌரவம்!

நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். 1955 முதல் சென்னையில் தயாரான என்ஃபீல்டு புல்லட்டின் சிலிண்டர் பல பத்தாண்டுகளுக்கு வார்ப்பிரும்பு. உள்ளே ஓடும் பிஸ்டனோ அலுமினியம். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல இரு மடங்கு விரியும். ஏற்றத்தில் வண்டியை விடாமல் விரட்டினால் பிஸ்டன் பருத்து, சிலிண்டர் இடம் கொடுக்காமல், நடுவழியில் 'சீஸ்' ஆகிவிடும். பழைய புல்லட்காரர்கள் அவசரப்படாமல் ஓட்டியதற்கு அழகு மட்டும் காரணமில்லை. அலுமினிய சிலிண்டர் வந்ததும் இந்தப் பயம் பெருமளவு போனது. 2016-ல் வந்த ஹிமாலயன் 411-லும், 2018-ன் 650 இரட்டையரிலும் முன்பக்கம் ஆயில் கூலர் தொங்கியது. 2023 நவம்பரில் ஹிமாலயன் 450 ரேடியேட்டரோடு வந்தபோது, "இது என்ஃபீல்டே இல்லை" என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. ஆனால் அந்த வண்டி போக வேண்டிய இடத்தை யோசியுங்கள். லடாக்கில் 5,000 மீட்டருக்கு மேலுள்ள கணவாய்களில் காற்றின் அடர்த்தி, கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். குளிர் நடுக்கினாலும், சூட்டை வாரிக்கொண்டு போகும் காற்றே அங்கே குறைவு. வண்டியோ முதல் கியரில் கல்லிலும் மணலிலும் ஊர்கிறது.

லடாக் வேண்டாம், ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளோ, கொல்லிமலையின் 70 வளைவுகளோ போதும். இன்ஜினுக்கு வேலை அதிகம், வேகம் குறைவு, காற்று அதைவிடக் குறைவு. பின்னால் ஆள், இரண்டு பக்கமும் மூட்டை. இங்கே பலரும் ஹாஃப் கிளட்ச்சிலேயே வளைவை எடுக்கிறார்கள். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் தட்டுகள் ஊறிக்கிடப்பது இன்ஜின் ஆயிலில்தான். தட்டுகள் உரசி எழும் சூடு நேராக ஆயிலுக்குப் போகிறது. டாப் கியரில் திணறவிட்டு ஏற்றுவது இன்னும் மோசம். நாக்கிங் வந்தால் பிஸ்டனின் தலையிலேயே சூடு இறங்கும். ஒரு கியர் குறைத்து, இன்ஜினைத் தாராளமாகச் சுற்றவிட்டு ஏறுவதுதான் சரி. சத்தம் கூடுகிறதே என்று பயப்பட வேண்டாம்.

ஆயில் என்றால் வழுக்கலுக்கு என்றுதான் நினைக்கிறோம். பிஸ்டனின் அடிப்பகுதி, கிராங்க், வால்வுகளின் மேல்பக்கம் என்று கூலன்ட் எட்டாத இடங்களிலெல்லாம் சூட்டைச் சுமப்பது அதுதான். ஒரே எடைக்குத் தண்ணீர் சுமக்கும் சூட்டில் பாதியைத்தான் ஆயில் சுமக்கும் என்றாலும், தண்ணீர் போக முடியாத இடத்துக்கு இது போகும். 90 முதல் 110, 120 டிகிரி வரை ஆயிலுக்கு நல்ல உடல்நிலை. அதற்கு மேல், 10 டிகிரி கூடினால் ஆயில் கெடும் வேகம் இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. மிகக் குறைவாக இருப்பதும் நல்லதல்ல. வீட்டிலிருந்து கடைவீதிக்கு மட்டுமே ஓடும் வண்டியில் ஆயில் சூடேறாமல், உள்ளே சேரும் ஈரம் ஆவியாகாமல், மூடியின் அடியில் வெள்ளையாக நுரைத்துப் படியும்.

டப்பாவில் 15டபிள்யூ-50 என்று போட்டிருந்தால், முதல் எண் குளிரில் ஸ்டார்ட் செய்வதற்கு. 100 டிகிரியில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைச் சொல்வது இரண்டாவது எண். நம் வெயிலில் முதல் எண்ணை வைத்து நடக்கும் வாக்குவாதங்கள் வீண். இரண்டாவதில் கைவைக்காதீர்கள். கார் ஆயில் மிச்சம் இருக்கிறதே என்று ஊற்றவும் வேண்டாம். ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 முத்திரை இல்லாத ஆயிலில் கிளட்ச் வழுக்கலாம். பைக்கில் கியர்களும் அதே ஆயிலில்தான் சுழல்கின்றன. கெட்டித்தன்மையைக் காக்கும் பாலிமர்களைப் பற்கள் நசுக்கிவிடும். மலை, கோடை, பாரம் என்று ஓடிய பிறகும் புத்தகத்தில் போட்ட கிலோமீட்டர் கடைசி வரை காத்திருப்பது கஞ்சத்தனம்.

இன்னொன்றும் பார்க்கிறேன். பயணத்துக்கென்று கிராஷ் கார்டில் பைகளையும் தண்ணீர்க் கேன்களையும், நடுவில் பெரிய ஃபாக் லேம்ப்புகளையும் கட்டிக்கொள்கிறார்கள். ஆயில் கூலருக்கும் ஃபின்களுக்கும் காற்று வரும் வழி அடைபட்டுவிடுகிறது. கூலரில் சேறு காய்ந்து கிடந்தாலும் அதே கதைதான். மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை அருகே பிடித்து அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிப்போகும். ஆயிலைக் கோட்டுக்கு மேல் ஊற்றினாலும் கடையப்பட்டு இன்னும் சூடேறும்.

மீட்டர் இல்லாவிட்டாலும் வண்டி சொல்லும். காலையில் சுலபமாக விழுந்த நியூட்ரல் விழ மறுக்கும். டேப்பெட் சத்தம் கூடும். ஐடிலிங் தடுமாறும். ஆக்ஸிலரேட்டரைத் திறந்தால் நாக்கிங் கேட்கும். அப்போது நெரிசலில் நின்று உறும விடாதீர்கள். முடிந்தால் கொஞ்ச தூரம் லேசான வேகத்தில் காற்றில் ஓட்டிவிட்டு, நிழலில் அணைத்து வையுங்கள். சூடான ஃபின்கள் மேல் தண்ணீர் ஊற்றுவது பழைய பழக்கம். திடீர்க் குளிரில் உலோகம் விரிசல் விடலாம். சில நிமிடம் கழித்து, வண்டியை நிமிர்த்தி வைத்து ஆயில் அளவைப் பாருங்கள். கூலன்ட் வண்டியானால் வெளியே தெரியும் ரிசர்வ் டப்பாவில் மட்டும் பாருங்கள். ரேடியேட்டர் மூடி பக்கம் கை போகவே கூடாது. உள்ளே அழுத்தத்தால்தான் அந்தத் திரவம் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கிறது. மூடி தளர்ந்த நொடியில் ஆவியாகச் சீறி முகத்தில் அடிக்கும். இன்ஜினைத் தொட்டால் கை பொறுக்கும் அளவுக்கு ஆறட்டும். அதுவரை டீ குடிக்கலாம்.