வாக்கியமும் கணனியும்

யாழ்ப்பாணத்து இல்லங்களில் வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் ஒருங்கே வழங்குகின்றன. விரத நாள் வேறுபடும்போது எழும் வழக்கினை யாவரும் அறிவர். அதற்குத் தீர்ப்புக் கூறுதல் எம் நோக்கமன்று. வாக்கிய முறையின் கணித உபாயமொன்று இன்றைய கணனியுள்ளும் உறைவதையும், இரண்டும் ஒரே இடத்தில் இடர்ப்படுவதையும் காட்டவே விழைகின்றோம்.

வரருசியின் பெயரால் வழங்கும் சந்திர வாக்கியங்கள் 248. நாளுக்கொன்றாக அவை சந்திரனின் நிலையைக் கூறும். சந்திரன் தன் உச்சத்தினின்று நீங்கி மீண்டும் அதனை எய்த 27.55455 நாள் செல்லும். அத்தகைய ஒன்பது சுற்றுக்கள் ஏறத்தாழ 248 நாள். ஆகவே கழிந்த நாட்டொகையில் 248ஐ இயன்றமட்டும் கழித்து, எஞ்சிய நாளுக்குரிய வாக்கியத்தோடு, கழித்த சுற்றுக்களுக்குரிய துருவத்தைக் கூட்டினால் விடை கிடைக்கும். (248க்குத் ‘தேவரம்’ என்பது குறிப்பெயர். திருமுறையோடு அதற்கு உறவில்லை. எழுத்தெண் முறையில் வந்த சொல் அது.)

‘ஏறத்தாழ’ என்ற சொல்லிலேதான் இடர் உளது. ஒன்பது சுற்றுக்கள் உண்மையில் 247.991 நாளே. ஒருமுறை கழித்தால் வழு 13 நிமிடம். நூறாண்டுக்கு 147 முறை கழிக்க நேரும். வழு ஒரு நாளையும் கடந்துவிடும். முன்னோர் இதற்கு வழி கண்டனர். 110 சுற்றுக்கள் 3031 நாள்; அதன் வழு ஒரு நிமிடத்திலும் குறைவு. 12372, 3031 ஆகிய பெருந்தொகைகளை முதலிற் கழித்தபின், 248ஐக் கழிக்க வேண்டுவது பன்னிரு முறைக்கு மேற்படாது. 1825இல் புதுச்சேரியிற் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், மனனஞ் செய்த வாய்பாடுகளைக் கொண்டு, சோழிகளை நிலத்தில் வைத்தே சந்திர கிரகணம் கணித்ததை ஜோன் வாரன் பதிவு செய்துள்ளார்.

சைன் முதலிய சார்புகளைக் கணனி காணும் முறையும் இதுவே. சிறு கோணங்களுக்கே அதனிடம் சூத்திரம் உண்டு. பெருங்கோணம் வரின் பை என்னும் வட்ட விகிதத்தின் மடங்குகளைக் கழித்து எஞ்சியதை நாடும். இன்டெல் செயலிகளின் சைன் கட்டளையொன்று பையின் 66 இரும இலக்கங்களையே கொண்டது. கோணம் பையை அண்டியிருப்பின், கழிக்கையில் முன்னிலக்கங்கள் அழிந்துபோக, விடுபட்ட பின்னிலக்கங்களே விடையை நிருணயிக்கும். பதினாறு இலக்கங்களை எதிர்பார்த்த இடத்தில் ஐந்தே சரியாதலை 2014இல் புரூஸ் டோசன் எடுத்துக் காட்டினார். இறுதி இலக்கம் வரை நம்பலாமென உரைத்த கையேட்டினை நிறுவனம் அதன்பின் திருத்தியது.

பையின் நிகர்மாற்றை (1/பை) ஆயிரத்துக்கு மேற்பட்ட இரும இலக்கங்களிற் சேமித்து, வேண்டிய பகுதியை மட்டும் எடுத்தாளும் முறையைப் பெயினும் ஹனெக்கும் 1983இலேயே வெளியிட்டிருந்தனர். தம் கணனியைச் சோதிக்க விழையும் மாணவர், 10இன் 22ஆம் வலுவை ஆரையனாகக் கொண்டு சைன் காண்க. விடை −0.85220084976 எனத் தொடங்குதல் வேண்டும்.