குடிபெயரும் முன் ஒரு கோடைப் பயணம்

தந்தைக்கோ தாய்க்கோ பணியிட மாற்றம் வந்தால், குடும்பம் முழுவதும் ஊர் மாறுகிறது. வீட்டு வாடகை, பள்ளிச் சேர்க்கை, மாற்றுச் சான்றிதழ் ஆகியவை பெரியவர்களின் கவலைகள். சிறுவர்களின் கவலைகளோ வேறு. 'அங்கே என்னுடன் யார் விளையாடுவார்? நான் பேசுவது பிறருக்குப் புரியுமா? என் தோழர்கள் என்னை மறந்துவிடுவார்களோ?' என்னும் வினாக்கள் அவர்கள் மனத்தில் எழும். பலர் அவற்றை வெளியே சொல்வதில்லை.

காணாத ஊரைப் பற்றிய அச்சம், அவ்வூரைக் கண்ட பின் பாதியாகக் குறையும். ஆகவே, குடிபெயர்வதற்கு முன்பே கோடை விடுமுறையின் ஒரு வார இறுதியில் புது ஊருக்குச் சென்று தங்கி வருவது நன்று. தில்லியின் தென்மேற்கில் அமைந்த துவாரகாவை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனைக் காண்போம்.

கோடையில் ஏன் செல்ல வேண்டும்?

தில்லியில் மே, சூன் மாதங்களில் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டுவது வழக்கம். சில நாள்களில் 45 பாகையையும் எட்டும். மேற்கிலிருந்து 'லூ' என்னும் அனல்காற்று வீசும். 'இப்படிப்பட்ட பருவத்திலா ஊர் பார்ப்பது?' என்று நீங்கள் கேட்கலாம். ஓர் ஊரின் கடுமையான பருவத்தை முதலில் அறிந்துகொண்டால், பின்னர் அங்கு வாழும்போது திகைப்பு ஏற்படாது. அவ்வூர் மக்கள் அக்கடுமையை எவ்வாறு சமாளிக்கின்றனர் என்பதையும் அப்போதே கற்றுக்கொள்ளலாம்.

சென்னை வெயிலும் தில்லி வெயிலும் ஒன்றல்ல. சென்னை கடற்கரை நகரம். அங்குக் காற்றில் ஈரப்பதம் மிகுதி. ஆதலால் வியர்வை உலராமல் உடலில் வழியும். தில்லி கடலுக்குத் தொலைவில் உள்ளது. மழைக்கு முந்தைய கோடையில் அங்குக் காற்று வறண்டிருப்பதால் வியர்வை உடனே ஆவியாகிவிடும். உடல் நீரை இழப்பதே தெரியாது. எனவே, தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அடிக்கடி நீர் பருக வேண்டும். மண்பானை நீரும், மாங்காயை வேகவைத்துச் செய்யும் 'ஆம் பன்னா' என்னும் பானமும் அங்குக் கோடையின் நண்பர்கள்.

இதே வறண்ட காற்றினால் ஒரு நன்மையும் உண்டு. தில்லி வீடுகளின் சாளரங்களில் 'கூலர்' என்னும் பெரிய பெட்டியைக் காணலாம். அதன் பக்கங்களில் உள்ள தட்டிகளின்மீது நீர் வழிந்தோடும். உள்ளிருக்கும் விசிறி வெளிக்காற்றை அத்தட்டிகளின் வழியே இழுக்கும். நீர் ஆவியாகும்போது காற்றின் வெப்பத்தைக் கவர்ந்துகொள்வதால் அறைக்குள் குளிர்ந்த காற்று வரும். ஈரப்பதம் மிகுந்த சென்னையில் இக்கருவி அவ்வளவாகப் பயன்படாது. மின்விசிறி இல்லாத காலத்தில் வெட்டிவேர்த் தட்டிகளை நனைத்து வாயில்களில் தொங்கவிட்டதும் இம்முறையைச் சார்ந்ததே.

சனிக்கிழமை: துவாரகாவை அறிதல்

முன்னர்ப் பப்பன்கலான் என்று அழைக்கப்பட்ட துவாரகா, தில்லி வளர்ச்சிக் குழுமம் திட்டமிட்டு உருவாக்கிய துணை நகரம். இது எண்ணிட்ட செக்டர்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. காலை வெயில் ஏறுவதற்குள் குடியேறவிருக்கும் செக்டரில் நடந்து வாருங்கள். பூங்கா, கடைத்தெரு, பள்ளிக்குச் செல்லும் வழி ஆகிய மூன்றையும் கண்டுகொண்டால், ஊர் உங்களுக்குரியதாகத் தொடங்கும்.

12ஆம் செக்டரில் ஒரு பழைய படிக்கிணறு உள்ளது. இது 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், லோதி மன்னர் காலத்தில் லோஹர்ஹேரி என்னும் சிற்றூர் மக்களுக்காகக் கட்டப்பட்டது. அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு இடையே அது நிற்பதைக் காணும்போது, இப்புதிய நகரின் அடியில் ஒரு பழைய ஊர் இருந்தது புலப்படும்.

நண்பகலில் வீட்டிற்குள் இருப்பதே அறிவுடைமை. மாலையில் மெட்ரோ தொடர்வண்டியில் நகரின் நடுப்பகுதிக்குச் செல்லலாம். துவாரகாவிற்கு மெட்ரோ 2005ஆம் ஆண்டு திசம்பர் 31 அன்று வந்தது. நீலத் தடத்தில் ஏறி ராஜீவ் சௌக்கில் வண்டி மாறினால் இந்தியா கேட் பகுதியை அடையலாம். 42 மீட்டர் உயரமுள்ள அந்நினைவுச் சின்னத்தில் உயிர்நீத்த வீரர்கள் 13,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அருகிலுள்ள கடமைப் பாதையில் அணிவகுத்து நிற்பவை நாவல் மரங்கள். சாலையோரங்களில் பொன்னிறமாகப் பூத்துத் தொங்கும் 'அமல்தாஸ்' வேறொன்றுமன்று, நம் சரக்கொன்றையே. வேம்பும் அரசும் எங்கும் உண்டு. மொழி புதிதாயினும் மரங்கள் பழகியவை!

ஞாயிற்றுக்கிழமை: தமிழைத் தேடுதல்

ஜனக்புரி மேற்கு நிலையத்தில் தடம் மாறி இராமகிருஷ்ணபுரம் செல்லலாம். அங்கு ஒரு குன்றின்மேல் உத்தர சுவாமிமலை முருகன் கோயில் உள்ளது. தமிழகக் கட்டடக்கலை மரபில் அமைந்த அக்கோயிலின் குடமுழுக்கு 1973இல் நடந்தது. அப்பகுதியிலேயே 1946இல் தோன்றிய தில்லித் தமிழ்ச் சங்கமும் உள்ளது. அங்குள்ள நூலகத்தில் தமிழ் நூல்களைக் காணலாம்.

தில்லி இடம்பெயர்ந்தோர் பலர் சேர்ந்து வளர்த்த நகரம். தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படும் என்று 1911ஆம் ஆண்டு திசம்பர் 12 அன்று அறிவிக்கப்பட்டது. அதன்பின் அரசுப் பணிக்காகத் தமிழரும் இங்கு வந்தனர். அந்நாளில் ஆங்கில அரசு கோடைதோறும் சிம்லா மலைக்கு இடம்பெயரும். ஊழியர் குடும்பங்களும் உடன் செல்லும். அக்குடும்பங்களின் பிள்ளைகள் தாய்மொழியை இழக்கக் கூடாது என்னும் எண்ணத்தால் 1923இல் தோன்றிய அமைப்பே இன்றைய தில்லித் தமிழ்க் கல்விக் கழகம். அது இன்று ஏழு பள்ளிகளை நடத்துகிறது. அவற்றுள் ஒன்று துவாரகாவிற்கு அண்மையில் ஜனக்புரியில் உள்ளது.

திரும்பும்போது

இரண்டு நாள்களில் ஒரு நகரை முழுதும் அறிந்துவிட முடியாது. பழைய தோழரைப் பிரியும் வருத்தமும் உடனே மறைந்துவிடாது; அவ்வருத்தம் இயல்பானதே. ஆனால், தெரியாத ஊருக்குப் போகிறோம் என்னும் நிலை மாறி, ஒரு முறை நடந்த தெருவிற்குத் திரும்புகிறோம் என்னும் நிலை உண்டாகும்.

மாணவர்களே! உங்கள் பெற்றோரோ, பாட்டன் பாட்டியோ ஒருநாள் இவ்வூருக்குப் புதியவராய் வந்தவர்களே. அன்று அவர்களுக்கு வழிகாட்டியவர் ஒருவர் இருந்திருப்பார். நாளை உங்கள் வகுப்பிற்குப் புதிதாக வரும் மாணவருக்கு அந்த ஒருவராக நீங்கள் இருங்கள்.

பயிற்சி

1. சென்னை வெயிலுக்கும் தில்லி வெயிலுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. மழைக்காலத்தில் 'கூலர்' நன்கு பயன்படுமா? காரணம் கூறுக.
3. உங்கள் குடும்பம் எப்போது, எதற்காக ஊர் மாறியது எனப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுக.
4. உங்கள் மாமா மகன் அடுத்த மாதம் துவாரகாவில் குடியேறவுள்ளான். இரண்டு நாள்களில் அவன் காண வேண்டியவற்றைக் குறிப்பிட்டுக் கடிதம் வரைக.