குறிக்கோளை வகுக்கத் தொடங்குவது எப்படி?

‘கடனை எப்படியாவது அடைத்துவிட வேண்டும்’ என்று சொல்லாத அங்கத்தினரைக் காண்பதரிது. ஆனால் மொத்தக் கடன் எவ்வளவு, எந்த மாதத்திற்குள் தீர்ப்பது, அதற்கு வாரத்தில் எவ்வளவு ஒதுக்குவது என்று கேட்டால் பெரும்பாலோரிடம் விடை இல்லை. இம்மூன்றையும் எழுதும்வரை அது விருப்பமாகவே நின்றுவிடும்.

இத்தகைய கணக்கு கூட்டுறவுக்குப் புதிதன்று. இங்கிலாந்தில் ராச்டேல் நகரில் 1844-ஆம் ஆண்டு பண்டகசாலை தொடங்கிய 28 பேரில் பலர் நெசவாளர்கள். தலைக்கு ஒரு பவுன் என்னும் பங்குத்தொகை அவர்களுக்குப் பெருந்தொகை. ஆகவே வாரத்துக்கு இரண்டு பென்ஸ் வீதம் செலுத்தத் தொடங்கி, பின்னர் அதை மூன்றாக உயர்த்தினர். அக்காலத்தில் பவுனுக்கு 240 பென்ஸ். வாரம் இரண்டென்றால் ஒரு பவுன் சேர 120 வாரம். மூன்றென்றால் 80 வாரம். ஒரு பென்னி கூடியதால் நாற்பது வாரம் மிச்சம்!

முதற்கண் ஒரு மாதம் வரவு செலவை உள்ளது உள்ளபடி எழுதி வருக. அதன்பின் ஒரே ஒரு குறிக்கோளைத் தேர்ந்துகொள்க. அது நம் கைக்குள் அடங்கியதாக இருத்தல் வேண்டும். ‘சேலைக்கு நல்ல விலை கிடைக்க வேண்டும்’ என்பது நம் கையில் இல்லை. மாதத்தில் ஒரு சேலை கூடுதலாக நெய்வது நம் கையில் உண்டு. அதற்கும் சங்கம் உரிய காலத்தில் நூல் வழங்க வேண்டும். நூல் தராமல் அங்கத்தினரைக் குறை கூறுவது நியாயமன்று.

வெளியாரிடம் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டியில் 18,000 ரூபாய் வாங்கிய ஒருவரை எண்ணிப் பார்ப்போம். மாத வட்டி 360 ரூபாய். வட்டியை மட்டும் செலுத்தினால் 18 மாதத்தில் 6,480 ரூபாய் போய்விடும். அசல் அப்படியே நிற்கும். வட்டியோடு மாதந்தோறும் அசலில் 1,000 ரூபாய் கட்டினால், அதே காலத்தில் கடன் முழுதும் தீரும். வட்டி மொத்தம் 3,420 ரூபாயே. முதல் மாதம் வாரத்துக்கு 340 ரூபாய் ஒதுக்க வேண்டும். பின்னர் அது குறைந்துகொண்டே வரும். அசலைச் சிறுகச் சிறுக வாங்க மறுப்பவரும் உண்டு. அப்போது அத்தொகையைக் கூட்டுறவு வங்கியில் போட்டு வைத்து ஒருமிக்கக் கொடுக்கலாம். வட்டி இவ்வளவு மிச்சமாகாது.

ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் குழித்தறியில் நீர் கசியும், பாவும் தளரும். அம்மாதங்களுக்கு வட்டி மட்டும் என்று முன்கூட்டியே எழுதிவிடுக. தையில் தொடங்குபவருக்கு 18 மாதம் 20 மாதமாகி, அடுத்த ஆண்டு ஆவணியில் முடியும். மழையை மறந்து போட்ட கணக்கு முதல் ஐப்பசியிலேயே முறிந்து, நோட்டுப் புத்தகம் பரணுக்குப் போய்விடும்.

தறியில் ஒருவர் அமர்ந்தாலும், நூல் சுற்றுவது முதல் வீட்டார் அனைவரின் உழைப்பும் அதில் உண்டு. மனைவி அறியாத திட்டம் தீபாவளியைத் தாண்டாது. இருவரும் உட்கார்ந்து எழுதுவதே முறை.

உழவருக்கு வாரக் கணக்குப் பொருந்தாது. மகசூல் பணம் கைக்கு வரும் நாளே அவருடைய தவணை நாள். அறுவடைக்கு முன்பே விதைக்கும் உரத்துக்கும் எவ்வளவு, கடனுக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதுக. தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தவணைக்குள் திருப்பிச் செலுத்துவோருக்கு வட்டியில்லை. தவறினால் அச்சலுகை போய்விடும். ஆகையால் அத்தேதியை நோட்டின் முதற்பக்கத்திலேயே குறித்துக்கொள்க.